நூறு கேள்விகளுக்கு நடுவே ஒரு மாணவர்: சதாவதானி செய்குதம்பிப் பாவலர்

தருமபுரி மாவட்டத்தில் மக்ரிபுக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகளிடம் அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று நாம் கேட்பது வழக்கம். கணக்கைச் சொல்வார்கள், அறிவியலைச் சொல்வார்கள். தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். சார் நடத்தினார், கைடில் இருக்கிறது, மனப்பாடம் பண்ணிவிடுவோம். செய்யுளின் பொருள் புரிந்ததா, புரியாத இடத்தில் ஆசிரியரைக் கேட்டாயா என்றால் தலை குனிந்துகொள்வார்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் இன்னொன்றையும் சொல்வார்கள். வாய் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

பெற்றோரிடம் பேசினால் சிலர், தமிழ் இலக்கியம் நமக்கெதற்கு, மார்க் வந்தால் போதாதா என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையும் நினைக்கும்போதெல்லாம் நம் மனத்துக்கு வருபவர் மர்ஹூம் சதாவதானி செய்குதம்பிப் பாவலர் அவர்கள். தமிழ் முஸ்லிம்களில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் அபார நினைவாற்றல் கொண்டவர் என்ற ஒரே வரியோடு அவரை நிறுத்திவிடுகிறோம். அந்த நினைவாற்றல் எந்த மண்ணில் வேர் பிடித்தது என்று பார்த்தால், நம் பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் அதில் இருக்கிறது.

தமிழ் படிக்காத பள்ளிச் சிறுவர்

பாவலர் அவர்கள் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாறு இடலாக்குடியில் பிறந்தார்கள். தந்தை பக்கீர் மீரான் சாகிபு, தாய் அமீனா அம்மாள். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள்தான். அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை.

அதனால் சிறுவர் செய்குதம்பி பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பேசுவது ஒரு மொழி, பள்ளியில் எழுதுவது இன்னொரு மொழி, ஓதுவது குர்ஆனின் மொழி. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதானே? பாலக்கோட்டிலும் தருமபுரி நகரிலும் வீட்டில் உருது, வகுப்பில் தமிழ், மக்தபில் அரபி என்று வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் வேறு காதில் விழும். பல மொழிகளுக்கு நடுவே வளர்வதைப் பெற்றோர் குறையாக நினைக்கிறார்கள். தமிழுலகம் இன்றும் போற்றும் ஒரு புலவர் அப்படித்தான் வளர்ந்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

பள்ளிக்கூடம் தராத தமிழை அவர் சங்கரநாராயண அண்ணாவியார் என்ற ஆசிரியரிடம் தேடிப் போய்ப் படித்தார். இலக்கணமும் இலக்கியமும் அங்கேதான். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை ஓர் இந்து ஆசிரியரின் முன் அமர்ந்து தமிழ் கற்றான். அந்த ஆசிரியரும் மனம் ஒப்பிக் கற்றுக்கொடுத்தார். இன்று இதைப் பெரிய செய்தியாக எழுத வேண்டியிருப்பது காலத்தின் கோலம். அன்று அது இயல்பாக நடந்த காரியம்.

கால் பங்கு ஆசிரியரிடம்

அக்காலத்துத் தமிழ்ப் படிப்பு எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பார்க்க வேண்டும். பவணந்தி முனிவர் சமணர். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலே பின்வந்த தமிழ் மாணவர்களுக்கெல்லாம் இலக்கண வாசல். ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான் என்று அது கணக்குச் சொல்கிறது. இன்னொரு கால் பங்கு உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் வரும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பேசப் பேச எழுதிக்கொள்ளும் மாணவன் கால் பங்கோடு நின்றுவிடுகிறான். முக்கால் பங்கு மாணவர்களின் பேச்சில் இருக்கிறது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காலையில் உஸ்தாத் நடத்திய கிதாபை இஷாவுக்குப் பின் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தக்ரார் செய்வார்கள். ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் நடுவில் நிறுத்துவார்கள். இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, இந்தச் சட்டத்துக்கு ஆதாரம் எது, உஸ்தாத் அப்படிச் சொல்லவில்லையே என்று கேள்விகள் பறக்கும். உஸ்தாதிடம் கேட்கும்போது புரிந்ததாகத் தோன்றியது, தக்ராரில் சொல்லிப் பார்க்கும்போது புரியவில்லை என்று தெரியவரும். அப்படித் தெரியவருவதுதான் படிப்பின் தொடக்கம். நன்னூலும் நம் தக்ராரும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்து நாம் பலமுறை வியந்திருக்கிறோம்.

பாவலர் இந்த மரபில் வந்தவர். செய்யுளைப் பாடமாக்குவது அவர்கள் காலத்தில் கட்டாயம். ஆனால் பாடமாக்கியதோடு ஆசிரியர் விட்டுவிட மாட்டார். சொல்லைப் பிரிக்கச் சொல்வார், சேர்க்கச் சொல்வார், இன்னொரு பொருள் உண்டா என்று கேட்பார். மனப்பாடம் அங்கே பேச்சுக்கு முதல். பேச்சு இல்லாவிட்டால் அந்த முதல் வட்டி ஈட்டாது.

சென்னையில் சீறாவோடு

வாலிபப் பருவத்தில் பாவலர் சென்னைக்குப் போனார்கள். இட்டா பார்த்தசாரதி நாயுடு நடத்திய பதிப்பகத்தில் நூல்களைப் பரிசோதித்துச் செப்பம் செய்யும் பணி கிடைத்தது. ஏட்டுச் சுவடிகள் அச்சு நூல்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஓர் எழுத்து பிசகினால் பொருள் பிசகும். எது சரியான பாடம் என்று ஒப்பிட்டுப் பார்த்து, புலவர்களோடு கலந்து பேசி முடிவு செய்ய வேண்டிய வேலை.

அவர்களின் பெரும் பணி சீறாப்புராணத்துக்கு உரை எழுதியது. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய இந்தக் காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கம்பனின் நடை அறிந்த ஒரு கவிஞர் தமிழ் விருத்தங்களில் பாடினார். அரபுப் பெயர்களும் மார்க்கச் சொற்களும் தமிழ் யாப்புக்குள் வந்து அமர்ந்திருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர் மார்க்கச் சொல்லில் தடுக்கி நிற்பார். மார்க்கம் மட்டும் தெரிந்தவர் தமிழ்ச் சொல்லில் தடுக்கி நிற்பார். இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று இருவர் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நின்றவர் பாவலர்.

உரை என்பது என்ன? படிப்பவர் மனத்தில் எழக்கூடிய கேள்வியை முன்கூட்டியே கேட்டுப் பதில் சொல்வதுதான். நல்ல உரையாசிரியரின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாணவன் கை உயர்த்திக்கொண்டே இருப்பான். சீறாவை மேடைகளில் விரித்துரைத்தும் பாவலர் ஊர் ஊராகப் பேசினார்கள். கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் எழுதும் உரையில் அந்த முகங்களும் இருக்கும்.

கருத்து மோதலில் ஒரு முஸ்லிம் புலவர்

பாவலர் பிறந்த அதே 1874இல்தான் வடலூர் இராமலிங்க வள்ளலாரின் வாழ்வு முடிந்தது. அவருடைய பாடல்களுக்குத் திருவருட்பா என்ற பெயர் தகுமா, அவை அருட்பாவா மருட்பாவா என்ற வழக்கு அவர் காலத்திலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தரப்பில் நின்றார். அவர்களுக்குப் பின்னும் அது ஓயவில்லை. மருட்பா என்று வாதிட்டவர்களில் முன் நின்றவர் நா. கதிரைவேற்பிள்ளை. அவரும் பெரும் புலவர், அவரும் சதாவதானி.

இந்த வழக்கில் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறிப் பேசினார்கள் செய்குதம்பிப் பாவலர். சைவர்களுக்குள் நடந்த விவாதத்தில் ஒரு முஸ்லிமுக்கு என்ன வேலை என்று இன்று சிலர் கேட்கலாம். பாவலர் தம் ஈமானை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. நபிகள் நாயகத்தின் (ஸல்) மீது பாமாலை பாடிய, சீறாவுக்கு உரை கண்ட மனிதர் அவர். ஒரு கவிதையை அதன் சொல்லையும் பொருளையும் வைத்து எடை போட வேண்டும் என்பது இலக்கியம் கற்றவனின் கடமை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புகூட உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்லாஹ் சூரத்துல் மாயிதாவில் கட்டளையிடுகிறான். நமக்கு வேறானவரின் எழுத்தை நீதியோடு படித்து, சான்று காட்டிப் பேசுவதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

1907 மார்ச் 10

அவதானம் என்றால் கவனம். ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனம் செலுத்தி, முடிவில் ஒன்றுகூடத் தவறாமல் ஒப்புவிக்கும் கலை. எட்டு என்றால் அட்டாவதானம், பதினாறு என்றால் சோடசாவதானம், நூறு என்றால் சதாவதானம். ஒருவர் முதுகில் கற்களை எறிய எண்ணிக்கை மனத்தில் ஏற வேண்டும். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் இலக்கணத்தில் ஐயம் கேட்பார். எல்லாம் மாறி மாறி நடக்கும்.

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர்கள் நிறைந்த அவையில், பாவலர் சதாவதானம் செய்து காட்டினார்கள். அப்போது வயது முப்பத்திரண்டு. அன்று முதல் சதாவதானி என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இந்த நிகழ்ச்சியை நினைவாற்றலின் வெற்றியாகவே நாம் சொல்லிவருகிறோம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அந்த அவையில் கேள்வி கேட்டவர்கள் ஒரே ஊரார் அல்லர், ஒரே மதத்தார் அல்லர், எல்லோரும் நண்பர்களும் அல்லர். சிலர் சோதிக்க வந்தவர்கள், சிலர் மடக்க வந்தவர்கள். அவர்கள் எங்கிருந்து கேட்பார்கள் என்பது தெரியாது. கல் எண்ணுவதற்கு நினைவு போதும். ஈற்றடிக்கு வெண்பா பாட நினைவு மட்டும் போதாது. அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கேள்விக்குப் பழகிய மனம்தான் அப்படி யோசிக்கும்.

தமிழ் அறிந்தவர்கள் இன்றும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி மகிழ்வதுண்டு. முஸ்லிம்களைத் துருக்கர் என்று அழைத்த காலம் அது. துருக்கனும் இராமனின் அடிகளைத் தொழுவான் என்று பொருள்படும் ஓர் ஈற்றடியை அவையில் ஒருவர் கொடுத்து வெண்பா பாடச் சொன்னாராம். பாடினால் ஓரிறைக் கொள்கைக்கு இழுக்கு. மறுத்தால் புலமைக்கு இழுக்கு. அவை மூச்சடக்கிக் காத்திருந்தது. பாவலர் கோபப்படவில்லை, எழுந்து போகவுமில்லை. இராமனின் தம்பியர் பெயர்களை வரிசையாக அமைத்து, ஈற்றடிக்கு முந்திய அடியின் கடைசியில் சத் என்ற அசையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ஈற்றடியின் முதற்சொல்லோடு சேர்ந்தபோது துருக்கன் மறைந்து, இராமனின் கடைசித் தம்பி சத்துருக்கன் வந்து நின்றான். தம்பி அண்ணனைத் தொழுவதாக அந்தக் கதைக்குள்ளேயே பொருள் முடிந்தது. கொடுத்த ஈற்றடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாவலரின் கொள்கைக்கும் குறைவில்லை.

இதை எப்படிச் செய்ய முடிந்தது? இராம கதையை அவர் முறையாகப் படித்திருந்தார். படிக்காதவருக்குச் சத்துருக்கன் நினைவுக்கு வந்திருக்க மாட்டான். சொற்கள் சேரும்போது என்ன ஆகும் என்ற இலக்கணம் கைவசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி குத்தலாக வந்தாலும் அதற்குள்ளேயே பதில் தேடும் பொறுமை இருந்தது. மிக அழகிய முறையில் விவாதம் செய்யுங்கள் என்று அல்லாஹ் சூரத்துந் நஹ்லில் கட்டளையிடுகிறான். அதற்குத் தமிழ் மேடையில் ஒரு செயல்விளக்கம் இது.

ஊர் திரும்பிய பிறகு

பாவலர் கோவை, பிள்ளைத்தமிழ், அந்தாதி என்று பல வகை நூல்கள் பாடினார்கள். பத்திரிகையும் நடத்தினார்கள். விடுதலைப் போராட்டக் காலத்தில் கதர் அணிந்து தேசிய மேடைகளில் பேசினார்கள். 1950 பிப்ரவரி 13ஆம் நாள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பக்கத்து ஊரான தேரூரைச் சேர்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களுக்கு இரங்கற்பா பாடினார். இடலாக்குடியில் அவர் பெயரில் பள்ளிக்கூடமும் மணிமண்டபமும் இருக்கின்றன. 2008இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

தபால்தலை ஒட்டிய கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். அவர் கற்ற முறை நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்ததா என்பதே நம் கவலை.

பேசத் தயங்கிய சிறுவர்

வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு அமர்ந்திருந்தபோது, இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது என்ன மரம் என்று கேட்டார்கள். தோழர்கள் காட்டு மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். பேரீச்ச மரம் என்று இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பெரியவர்கள் மௌனமாக இருக்கும்போது நாம் பேசுவதா என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார்கள். பிறகு நபி (ஸல்) அவர்களே விடையைச் சொன்னார்கள். மகன் விஷயத்தைச் சொன்னதும், நீ அப்போதே சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் ஆதங்கப்பட்டார்கள்.

இதைவிடச் சிறந்த இலக்கிய வகுப்பு எது? ஓர் உவமையைக் கொடுத்து, பொருளை மாணவர்களே கண்டுபிடிக்க இடம் விட்டார்கள் உலகத்தின் ஆசிரியர். விடையை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு தகவல் கிடைத்திருக்கும். கேட்டதனால் தோழர்கள் ஒவ்வொரு மரமாக நினைத்துப் பார்த்தார்கள். மகனின் குரலைக் கேட்க ஆசைப்பட்ட தந்தையையும் இங்கே பார்க்கிறோம். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்கும் தந்தைமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தகடூரிலிருந்து ஒரு வேண்டுகோள்

நம் தருமபுரி பழைய தகடூர். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன செய்தி புறநானூற்றில் இருக்கிறது. மதரஸாவை முடித்துப் பட்டப்படிப்புக்குப் போனபோது அந்தப் பாடலை நாம் வகுப்பில் படித்தோம். தொண்டைமானின் ஆயுதங்கள் அலங்காரத்தோடு புத்தம் புதிதாக இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிறார். பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, ஔவை புகழ்ந்தது யாரை என்று கேட்டார். நாம் தக்ரார் பழக்கத்தில் அவசரமாகத் தொண்டைமானை என்றோம். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் அதியமானின் ஆயுதம் ஏன் முறிந்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, போர் செய்தால்தானே முறியும் என்றார். அந்த ஒரு நொடியில் பாடல் திறந்துகொண்டது. நம் தவறான பதில் இல்லாமல் அந்தச் சரியான பதில் வந்திருக்காது. கைடில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒரு சொல் இருக்கும். அதைப் படித்தவர்கள் மறந்திருப்பார்கள், பேசியவர்கள் மறக்கவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் மாவட்டத்தில் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் நிறைய இருக்கிறார்கள். இவர்களுக்கு எழுத்து வந்தால் மட்டும் போதாது. படித்ததைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். நாளை நேர்முகத் தேர்வில், நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில், பிற சமுதாய மக்களோடு பழகுமிடத்தில் இவர்களைக் காக்கப்போவது அந்தப் பேச்சுதான்.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் இரவு உணவுக்குப் பின் பிள்ளையின் தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். ஒரு செய்யுளை உரக்கப் படிக்கச் சொல்லி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளை உங்களுக்கு உருதுவில் விளக்கட்டும். நன்னூல் சொல்லும் அரைப்பங்கு அப்போதுதான் கிடைக்கும். உச்சரிப்பைக் கேட்டு வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம். மக்தப் நடத்தும் ஆலிம்கள் மாதம் ஒருமுறை சீறாவிலிருந்து ஒரு பாடலை எடுத்துப் பிள்ளைகளைப் பேசவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் அதே இடத்தைக் கொடுக்க வேண்டும். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாட மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் வைத்துக் கொடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இடலாக்குடியில் மலையாளப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனைத் தமிழின் நடு அவையில் கொண்டுபோய் நிறுத்தினான் அல்லாஹ். பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ இன்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கும் அந்த வாசலை அவன் திறந்துவிடுவானாக. பாவலர் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. நமக்கும் நம் மக்களுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.